நடுவயதில் நெஞ்சு இளகும்போது: உடம்பு, உறவு, பத்திரம்

மகன் தேசிய சேவையில் இருக்கிறான். மகள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். மாமியாரை மாதத்துக்கு இரண்டு முறையாவது பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். இந்த ஓட்டத்துக்கு நடுவே 46, 48 வயதில் சிங்கப்பூரில் நம் பெண்கள் பலருக்கு நெஞ்சு இளகத் தொடங்குகிறது. ஒலி 96.8இல் பழைய பாட்டு போனால் தொண்டை அடைக்கிறது. கணவர் போகிற போக்கில் சொன்ன சொல் சுருக்கென்று தைக்கிறது. யாராவது "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாலே கண் நிறைந்துவிடுகிறது. வீட்டில் இதற்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறது: "அம்மா இப்பல்லாம் ஓவர் சென்சிட்டிவ்."

இந்த இளக்கத்தை மறைக்கவோ அடக்கவோ வேண்டியதில்லை. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் மற்றவர் பசி, மற்றவர் தேர்வு, மற்றவர் ரத்த அழுத்தம் என்று பார்த்துக்கொண்டிருந்த மனம் இப்போது தன் பக்கம் திரும்புகிறது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் நெஞ்சு திறந்திருக்கும் இந்தக் காலத்தில்தான் உடம்பும் காகிதங்களும் ஒழுங்காக இருக்க வேண்டும். அவை இரண்டும் சரியாக இருந்தால் அழலாம், நேசிக்கலாம், 52 வயதில் திருமணமும் செய்துகொள்ளலாம். பயப்படாமல் செய்யலாம்.

முதலில் உடம்பு

கடைசி மாதவிடாய்க்குப் பிறகு 12 மாதம் ஒரு சொட்டும் படாமல் கழிந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டதாக மருத்துவர் சொல்வார். பெரும்பாலோருக்கு அது 50ஐ ஒட்டி வரும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே பெண்மைக்கான ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அளவு ஏறி இறங்கத் தொடங்கிவிடும். மனத்தை அலைக்கழிப்பது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கம்தான். இரவில் உடம்பு கொதித்து வியர்த்து மூன்று முறை எழுந்தவளுக்கு மறுநாள் அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சலே அவமானமாகத் தெரியும். அவள் குணம் மாறிவிடவில்லை, தூங்கவில்லை.

ஆகவே எந்த முடிவும் எடுப்பதற்கு முன், எட்டு வாரம் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வேண்டாம், தாள் நல்லது. பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். தினமும் சில விவரங்கள் போதும்: எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், விடாய் உண்டா, எவ்வளவு, உடல் சூடும் வியர்வையும் எத்தனை தடவை, மனநிலை பத்துக்கு எத்தனை, அன்று நெஞ்சைத் தொட்டது அல்லது குத்தியது எது. இந்தக் கடைசி விவரத்தை ஒரு வரியிலாவது எழுதுங்கள். எண் மட்டும் போட்டுவிட்டால் பிறகு பயன்படாது.

எட்டு வாரம் கழித்துப் புரட்டினால் மூன்று வகை நாள்கள் பிரிந்து தெரியும். தூக்கம் கெட்ட இரவுகளுக்கு மறுநாள் வருகிற சோர்வும் எரிச்சலும் ஒரு வகை. விடாய்க்கு முந்தைய வாரத்தில் வந்து, விடாய் வந்ததும் வடிந்துவிடுகிற கலக்கம் இன்னொரு வகை. மூன்றாவது வகைதான் முக்கியம்: நன்றாகத் தூங்கிய நாளில், விடாய்க்கு எந்தத் தொடர்பும் இல்லாத நாளில், குறிப்பிட்ட ஒருவர் பேசும்போதோ குறிப்பிட்ட வேலையைச் செய்யும்போதோ திரும்பத் திரும்ப வருகிற வலி. முதல் இரண்டுக்கும் மருத்துவம் இருக்கிறது. மூன்றாவது உங்கள் வாழ்க்கையைப் பற்றிய செய்தி. மாத்திரை போட்டு அதை அடைத்துவிடாதீர்கள்.

குறிப்பேட்டின் சாரத்தை ஒரே பக்கத்தில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். பலதுறை மருந்தகத்தில் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். "மனசு சரியில்ல டாக்டர்" என்று தொடங்கினால் அந்த நிமிடங்கள் அதிலேயே தீர்ந்துவிடும். "எட்டு வாரத்தில் 31 இரவு வியர்த்து விழித்தேன், இரண்டு விடாய் தவறியது" என்றால் அவர் நேராக விஷயத்துக்கு வருவார். கேட்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள்: தைராய்டு, ஹீமோகுளோபினும் இரும்புச்சத்து இருப்பும், மூன்று மாத சராசரிச் சர்க்கரை. சைவ உணவுக்காரரும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவரும் வைட்டமின் பி12ஐயும் சேர்த்துக் கேட்கலாம். அது குறைந்தாலும் மறதியும் மனச்சோர்வும் வரும். தைராய்டு மந்தத்தை "வயசுக் கோளாறு" என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் சுமந்துகொண்டிருப்பது தேவையற்ற துன்பம். மாறாக, 45க்கு மேற்பட்டவருக்கு மாதவிடாய் நிற்கப் போகிறதா என்று பார்க்கும் ஹார்மோன் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. அந்த அளவு நாளுக்கு நாள் மாறுவதால் ஒருநாள் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. மணிக்கொரு தடவை அணையாடை நனைகிற அளவு போக்கு, ஒரு வெள்ளி நாணயத்தைவிடப் பெரிய ரத்தக்கட்டி, உறவுக்குப் பின் ரத்தம், எல்லாவற்றுக்கும் மேலாக 12 மாதம் நின்ற பிறகு மறுபடி படுகிற ரத்தம். "ஒரு சொட்டுதானே" என்று விடுகிற அந்த ஒரு சொட்டு கருப்பைப் புற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படி இருக்காது; ஆனால் பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும்.

ஹார்மோன் சிகிச்சை என்றதும் நம் பெண்கள் பின்வாங்குகிறார்கள். 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. அந்தச் செய்தி விதைத்த அச்சம் இன்னும் போகவில்லை. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. இன்றைய மருத்துவ நிலைப்பாடு வேறு: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கினால், வேறு தடை இல்லாத பெரும்பாலான பெண்களுக்கு நன்மையே அதிகம். மார்பகப் புற்று வந்தவர், ரத்தம் உறைந்து அடைத்தவர், பக்கவாதம் வந்தவர், கல்லீரல் நோயுள்ளவர், காரணம் தெரியாத ரத்தப்போக்குள்ளவர் ஆகியோருக்கு இது பொதுவாகப் பொருந்தாது. கருப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டரோனும் எடுக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் கருப்பையின் உட்சவ்வு தடித்து ஆபத்தாகும். தோழி மலேசியாவிலிருந்து வாங்கிவந்த மாத்திரையைப் பங்குபோட்டுக்கொள்வதில் உள்ள அபாயம் இதுதான். தோலில் ஒட்டும் பட்டையும் பூசும் களிம்பும், வாய்வழி மாத்திரையைவிட ரத்தம் உறையும் அபாயம் குறைந்தவை. பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் போனால் மானியம் கிடைக்கும். கடிதம் இல்லாமல் நேரடியாகப் போனால் முழுக் கட்டணம்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமில்லாமல், எழுந்திருக்கவே மனமில்லாமல் இருந்தால் அது வெறும் இளக்கம் அல்ல, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம். உயிரை விட்டுவிடத் தோன்றினால் 1767. இந்த இரண்டு எண்களையும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவைக்கலாம். வீட்டில் வேறு யாருக்காவதுகூடத் தேவைப்படும்.

மிச்சம் நிற்கிற வலி

இப்போது அந்த மூன்றாவது வகை நாள்களுக்கு வருவோம். அந்த வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே குறை வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். "தம்பி பாசறையிலிருந்து வந்ததும் நேரா ரூமுக்குப் போயிட்டான்." "அவர் டிவிய நிறுத்தாம பதில் சொன்னார்." "நாத்தனார் என் சமையலப் பத்தி மட்டும்தான் பேசினா." யாரும் என்னை ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் அங்கே இருப்பது.

கணவர் இருக்கிறார், நல்லவர், ஆனால் இருவருக்கும் நடுவே பிள்ளைகளின் கால அட்டவணை தவிரப் பேச ஒன்றும் மிஞ்சவில்லை: இந்த நிலையில் உள்ளவர்களுக்குப் புதிய தொடக்கம் வெளியே இல்லை, உணவு மேசைக்கு எதிர்ப்பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் எப்படிப் பேசுவது என்பதில்தான் கெட்டுப்போகிறது. இரவு பதினொரு மணிக்கு, இருவரும் களைத்திருக்கும்போது, இருபது ஆண்டுக் கணக்கையும் சேர்த்து வைத்தால் எந்த ஆணும் தன்னைத் தற்காத்துக்கொள்ளவே பார்ப்பார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் புளோக்கைச் சுற்றி இருபது நிமிடம் நடக்கும்போது பேசுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாததைப் பக்கவாட்டில் நடந்துகொண்டு பேசிவிடலாம். ஒரு நடைக்கு ஒரு விஷயம். அதுவும் குற்றச்சாட்டாக வேண்டாம், கேட்பாக இருக்கட்டும்: "நீங்க என்னக் கவனிக்கறதே இல்ல" என்பதற்கு அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. "வெள்ளிக்கிழம சாயந்திரம் நாம ரெண்டு பேரும் மட்டும் வெளிய சாப்பிடணும்ங்க" என்பதற்கு இருக்கிறது. ஆறு வாரம் இப்படித் தொடர்ந்தும் அசைவே இல்லை என்றால் அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்தில் ஆலோசகரைப் பார்க்கலாம்; தமிழ் பேசுபவர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தியச் சமூகத்துக்கான உதவி அமைப்பான சிண்டாவிலும் கேட்கலாம். அடியோ மிரட்டலோ இருந்தால் நடையும் வேண்டாம், ஆறு வாரமும் வேண்டாம்: 1800 777 0000 எந்நேரமும் எடுக்கப்படும் வன்முறைத் தடுப்பு எண்.

படுக்கையறை பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை, ஆகவே இங்கே வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து உலரும், உறவு வலிக்கும், வலிக்கும் என்ற பயத்தில் தசைகள் இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும். விருப்பம் போய்விட்டது என்று இருவரும் நினைத்துக்கொள்கிறார்கள், போனது ஈரம் மட்டும்தான். மருந்துக்கடையில் நீரை அடிப்படையாகக் கொண்ட உராய்வுநீக்கி கிடைக்கும். போதாவிட்டால் மருத்துவர் எழுதித் தரும் உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் களிம்போ மாத்திரையோ நன்றாக வேலை செய்யும். பலன் தெரியச் சில வாரம் ஆகும், இரண்டு நாளில் நிறுத்திவிடாதீர்கள். தேங்காய் எண்ணெயைப் பலர் நாடுகிறார்கள். ஆணுறை பயன்படுத்துபவர் அதைத் தொடவே கூடாது, எண்ணெய் பட்டால் லேட்டெக்ஸ் உறை கிழியும். கருத்தடையும் இன்னும் தேவைதான். 50க்கு மேல் கடைசி விடாய்க்குப் பின் ஓராண்டு, 50க்குள் நின்றவருக்கு இரண்டு ஆண்டு தொடர வேண்டும். புதிய துணை என்றால் இருவரும் பால்வினை நோய்ப் பரிசோதனை செய்துகொள்வது மரியாதைக் குறைவு அல்ல. கேட்கத் தயங்குகிற அளவு தொலைவில் இருக்கும் ஒருவருடன் இன்னும் நெருங்க வேண்டியதில்லை.

புதிய ஒருவர் வரும்போது

கணவரை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், திருமணமே செய்யாதிருந்தவர் எல்லாருக்கும் நடுவயதில் அன்பு வருகிறது. கோயில் அன்னதானத்தில், சமூக மன்றத்துப் பாட்டு வகுப்பில், மெக்ரிட்சியில் காலை நடைக்குப் போகும் குழுவில், பழைய பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப்பில். இப்படி நாலு பேர் அறிந்த இடத்தில் முளைக்கிற பழக்கத்துக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: அந்த மனிதர் மற்றவரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை உங்களால் பார்க்க முடியும். இணையத்தில் அது கிடையாது. ஆகவே இணையத்தில் தொடங்கியதைச் சீக்கிரம் நேரில் கொண்டுவந்துவிடுங்கள். முதல் சந்திப்பு பகலில், ஆள்நடமாட்டமுள்ள இடத்தில். உங்கள் தங்கைக்கோ தோழிக்கோ இடமும் நேரமும் தெரிந்திருக்கட்டும்.

காதல் மோசடிக்காரர்கள் குறிவைப்பது முட்டாள்களை அல்ல. நெடுங்காலமாக யாராலும் விசாரிக்கப்படாதவர்களை அவர்கள் தேடுகிறார்கள். அவர்கள் போகும் வழி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: காலையும் இரவும் தவறாத செய்தி, இரண்டு மூன்று வாரத்தில் "நீதான் என் உலகம்", காணொளி அழைப்பு என்றால் கேமரா பழுது, கப்பலில் இருக்கிறேன், எண்ணெய்க் கிணற்றில் இருக்கிறேன், "நம்ம விஷயம் இப்ப யாருக்கும் தெரிய வேணாம்", பிறகு சுங்கத்தில் சிக்கிய பரிசுப்பொட்டலம், மருத்துவச் செலவு, அல்லது அவர் லாபம் பார்த்ததாகச் சொல்லும் ஒரு முதலீட்டுச் செயலி. முதலீட்டுச் செயலியில் முதலில் சிறுதொகை திரும்பிவரும், நம்பிக்கைக்காக. நான் எல்லாவற்றையும்விடக் கவனிக்கச் சொல்வது அந்த ரகசியம் காக்கச் சொல்லும் பேச்சை. உண்மையான அன்பு கொஞ்ச காலம் கூச்சப்படலாம். ஆனால் உங்கள் அக்காவிடம் சொல்லாதே என்று கட்டளையிடாது.

முன்கூட்டியே செய்துவைக்கக்கூடியவை சில. இங்குள்ள பெரிய வங்கிகளில் சேமிப்பின் ஒரு பகுதியைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. பூட்டிய தொகையை இணையவழி எடுக்க முடியாது. 55 வயதானவர் மத்திய சேம நிதியிலிருந்து (மசேநி) இணையவழி எடுக்கும் தினசரி வரம்பு இயல்பாக 2,000 வெள்ளி. அதைச் சுழியமாகவும் பூட்டலாம். சந்தேகம் வந்தால் மோசடி உதவி எண்ணான 1799இல் கேளுங்கள். "உன் கணக்குல கொஞ்சம் பணம் வரும், எடுத்து இன்னொருத்தருக்கு அனுப்பிடு" என்று கேட்டால் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். பணத்தை இழப்பதோடு போகாது; வங்கிக் கணக்கையோ, அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளமான சிங்பாஸையோ பிறர் கையில் கொடுப்பது இங்கே குற்றமாகிவிடும்.

நேரில் பழகும் ஒருவர் மணமுறிவு பெற்றவர் என்றால் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்புச் சான்றிதழைப் பார்த்தாக வேண்டும். இடைக்காலத் தீர்ப்புக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே குறைந்தது மூன்று மாதம் இருக்கும். அதுவரை சட்டப்படி அவர் இன்னொருவரின் கணவர்தான். "கிட்டத்தட்ட முடிஞ்சுடுச்சு" என்பது முடிந்ததாகாது.

பிள்ளைகளிடம் சொல்வது

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், ஏனெனில் வளர்ந்த பிள்ளைகளைப் பெரியவர்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். 24 வயது மகன் வேலை செய்கிறான், வரி கட்டுகிறான். ஆனால் அம்மா விஷயத்தில் அவன் மனம் ஏழு வயதில் நிற்கும். அவன் முகம் சுளிப்பதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்கிற வரிசை சரியாக இருந்தால் பாதிச் சண்டை வராது.

முதலில் நீங்களே, தனித்தனியாக, ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லுங்கள். அத்தை வழியாகவோ அவர்கள் கண்ணில் தற்செயலாகப் படும் படம் வழியாகவோ தெரியவந்தால், விஷயத்தைவிட மறைத்ததுதான் புண்ணாகும். தீபாவளி, பிறந்தநாள், அப்பாவின் திதி ஆகிய நாள்கள் வேண்டாம். சொல்வது சுருக்கமாக இருக்கட்டும்: "ஐயா, அப்பாவ நான் மறக்கல, மறக்கவும் மாட்டேன். ஒருத்தரோட பழகிட்டிருக்கேன், நல்ல மனுஷர். கல்யாணம் பத்தி இன்னும் எதுவும் முடிவு பண்ணல. வேற யார் வாயிலயும் உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் நானே சொல்றேன்." அனுமதி கேட்காதீர்கள், கேட்டால் மறுக்கும் பாரத்தை அவன் தலையில் ஏற்றுகிறீர்கள். அவரைப் புகழ்ந்துகொண்டே போகாதீர்கள். இறந்தவரோடு ஒப்பிடுவதாகவே அது கேட்கும். அப்பால் சில வாரம் விடுங்கள். முதல் சந்திப்பு வீட்டில் வேண்டாம், அப்பா உட்கார்ந்த நாற்காலி அங்கே இருக்கிறது. ஏதாவது ஓர் உணவகத்தில், ஒரு மணி நேரம். அவரை "அங்கிள்" என்றே கூப்பிடட்டும். "அப்பா" என்று கூப்பிடச் சொல்வதைப்போல் உறவைக் கெடுப்பது வேறில்லை.

பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று உண்டு: வீடு என்னவாகும்? கேட்டால் பணத்தாசை என்று நினைப்பார்களோ என்று கேட்கமாட்டார்கள். கேட்காததால் வேறு காரணம் சொல்லிச் சண்டை போடுவார்கள். நீங்களே எடுத்துப் பேசிவிடுங்கள். அதற்கான விவரம் கீழே இருக்கிறது.

வரவேற்பறையில் மாலையோடு இருக்கும் படத்தை எடுக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் எண்ணம். பிள்ளைகள் முடிவு செய்யட்டும். வேண்டுமானால் மகனின் வீட்டுக்கோ பூசையறைக்கோ இடம் மாறட்டும். அந்தப் படத்தைப் பார்த்து முகம் சுருங்குகிறவர் அந்த வீட்டுக்குள் வரத் தயாராகவில்லை என்று பொருள். பொட்டும் பூவும் பற்றி ஒரு வார்த்தை: கணவரை இழந்தவர் நலங்குக்கும் வளைகாப்புக்கும் பின்வரிசையில் நிற்கும் வழக்கம் இங்கேயும் முழுதாக ஒழியவில்லை. 1929இன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துபோனார், 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் இங்கே தொடங்கியது, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி போன்றவர்கள் ஊரைத் திரட்டிச் சீர்திருத்தம் பேசினார்கள். தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகும் ஒரு பெண் மல்லிகை வைக்க யார் முகத்தையோ பார்க்க வேண்டியிருப்பது எனக்குத் தாங்கவில்லை. திருமணம் வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே தேக்காவில் ஒரு முழம் வாங்கி வையுங்கள்.

பத்திரங்கள்

திருமணப் பதிவுக்கும் பத்திரங்களுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் மறுமணம் செய்துகொண்ட நாளில், உங்களுக்குப் பின் சேமிப்பு யாருக்கு என்று முன்பு செய்துவைத்த மத்திய சேம நிதி நியமனம் தானாக ரத்தாகிவிடும். உயிலும் அப்படியே ரத்தாகும், அந்தத் திருமணத்தை எதிர்நோக்கி எழுதியதாக உயிலிலேயே குறிப்பிட்டிருந்தால் தவிர. இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப்பாதி என்று நியமித்திருந்த ஒரு தாய் மறுமணம் செய்து, புதிதாக நியமிக்காமலேயே இறந்தால், வாரிசுரிமைச் சட்டப்படி பாதி புதிய கணவருக்கு, மீதிப் பாதிதான் பிள்ளைகளுக்கு. யாரும் திட்டமிடாமலேயே இது நடந்துவிடுகிறது. துணையின் முந்தைய மணத்துப் பிள்ளைகள் நிலை இன்னும் கடினம்: சட்டப்படி தத்தெடுக்காதவரை, உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் அவர்களுக்குப் பிள்ளை என்ற பங்கு கிடையாது.

மணமுறிவில் இதற்கு நேர்மாறு. முறிந்ததால் நியமனமும் உயிலும் ரத்தாவதில்லை. முன்னாள் கணவரின் பெயர் மசேநியில் அப்படியே இருக்கும், நீங்கள் மாற்றும் வரை. காப்புறுதியில் அறக்கட்டளை முறையில் நியமித்திருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் மாற்றவே முடியாமல் போகலாம். பழைய பத்திரங்களை எடுத்துக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள்.

அடுத்து வீடு. இருவரிடமும் ஆளுக்கொரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு இருந்தால் திருமணத்துக்குப் பின் இரண்டையும் வைத்திருக்க முடியாது. எதை வைத்துக்கொள்வது என்பதைக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் (பொதுவாக ஐந்தாண்டு) முடிந்துவிட்டதா என்று பார்த்து, திருமணத்துக்கு முன்பே முடிவெடுங்கள். உங்கள் வீட்டில் அவர் குடியிருப்பாளராக மட்டும் வந்தால் உரிமை மாறாது. உரிமையாளராகச் சேர்த்தால் எந்த முறையில் என்பதுதான் கேள்வி. கூட்டு உரிமையாகச் சேர்த்தால், ஒருவர் போனதும் முழு வீடும் மற்றவருக்குப் போகும். உயிலில் என்ன எழுதியிருந்தாலும் பிள்ளைகளுக்கு எதுவும் வராது. பங்குரிமையாக வைத்தால் உங்கள் பங்கை உயிலில் பிள்ளைகளுக்கு எழுதலாம். பிள்ளைகள் உள்ள மறுமணத்துக்குப் பங்குரிமையே பொருத்தம் என்பேன். அவர் வாழ்நாள் வரை அங்கேயே இருக்கலாம் என்று உயிலில் எப்படி எழுதுவது என்பதை வழக்குரைஞரிடம் கேளுங்கள். இன்னொன்று: திருமணத்துக்கு முன் வாங்கிய சொத்து பொதுவாக மணமுறிவில் பங்குக்கு வராது, ஆனால் இருவரும் குடும்பமாக வாழ்ந்த வீடு வரும். அது உங்கள் சொந்தக் காசில் 1998இல் வாங்கியதாக இருந்தாலும் வரும்.

முன்னாள் கணவர் உங்களுக்குத் தரும் பராமரிப்புத் தொகை மறுமணத்தோடு நின்றுவிடும். பிள்ளைகளுக்கான தொகை நிற்காது. மாதச் செலவைத் திருமணத்துக்கு முன்பே இந்தத் தொகை இல்லாமல் போட்டுப் பாருங்கள்.

பதிவு இல்லாமல் துணையாக மட்டும் இருக்க விரும்புகிறவர்களும் உண்டு. அதில் தவறேதும் இல்லை. ஆனால் சட்டம் அவரை உங்கள் ஆளாகப் பார்க்காது; நீங்களே எழுதிவைக்க வேண்டும். மசேநிக்கு யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். நினைவு தவறும் காலத்தில் உங்களுக்காக முடிவெடுக்கும் நீடித்த அதிகாரப் பத்திரத்தில் 21 வயது நிரம்பிய, நீங்கள் நம்பும் யாரையும் குறிக்கலாம். மருத்துவத்துக்கு மகளையும் பணத்துக்கு வேறொருவரையும் என்று பிரித்தும் குறிக்கலாம்.

வேலையை விட்டுப் பல ஆண்டு ஆனவர்கள், திருமணம் நடக்கிறதோ இல்லையோ, தனக்கென ஒரு வருமானம் வைத்துக்கொள்ள வேண்டும். 40 வயதான குடிமக்களுக்கு 2024 மே முதல் திறன் பயிற்சிக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி கூடுதலாக நிரப்பப்பட்டிருக்கிறது, காலாவதி இல்லை. ஆனால் எல்லா வகுப்புக்கும் செல்லாது. வேலைக்குத் தயார்படுத்தும் குறிப்பிட்ட பாடங்களுக்குத்தான். சேர்வதற்கு முன் சரிபாருங்கள். 55 தாண்டி மசேநி ஓய்வுக் கணக்கு மெலிந்திருக்கும் இல்லத்தரசிக்கு, தகுதி இருந்தால், ஆண்டுக்கு 2,000 வெள்ளி வரை போட்டால் அரசாங்கமும் அதே அளவு போடும். வாழ்நாள் உச்சவரம்பு 20,000. பிள்ளைகள் அம்மாவுக்குத் தீபாவளிக்குப் பட்டுப்புடவை வாங்கித் தருவதோடு இதையும் செய்யலாம்.

பதிவு எளிதுதான். திருமணப் பதிவகத்தில் குறைந்தது 21 நாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும்; ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் கட்டணம் 42 வெள்ளி. மணமுறிவு பெற்றவர் இறுதித் தீர்ப்புச் சான்றிதழையும், துணையை இழந்தவர் இறப்புச் சான்றிதழையும் தயாராக வைத்திருக்க வேண்டும். தமிழில் உள்ள இந்திய ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், இதில்தான் நாள் இழுக்கும். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் போதும். கோயிலில் தாலி கட்டினாலும் இந்தப் பதிவு இல்லாமல் சட்டப்படி திருமணமாகாது. முஸ்லிம் சகோதரிகளுக்குப் பதிவகம் வேறு, வாரிசுப் பங்கீடும் ஃபராயிழ் முறைப்படி. இத்தா காலம் முடிந்த பிறகே மறுமணம், கணவரை இழந்தவருக்கு அது நான்கு மாதம் பத்து நாள்.

பதிவு முடிந்த வாரத்திலேயே மசேநி நியமனத்தைச் சிங்பாஸ் வழியாகப் புதிதாகச் செய்துவிடுங்கள். அதற்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும், ஆனால் நியமனம் பெறுபவர் சாட்சியாக இருக்க முடியாது. ஆகவே பிள்ளைகளை அதற்குக் கூப்பிடாமல், பக்கத்து வீட்டுக்காரரையோ அலுவலகத் தோழியையோ கேளுங்கள்.